அரிமளத்து மழையைக் கருந்திரையில் கோடுகளாகப் பார்ப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் எங்கெங்கே எவ்வளவு மழை பெய்தது என்ற பட்டியல் காலையிலேயே செய்திகளில் வந்துவிடும். அரிமளம், திருமயம், கீழாநிலை, பொன்னமராவதி, அறந்தாங்கி, மீமிசல் என இருபதுக்கும் மேற்பட்ட மழைமானி நிலையங்களின் பெயர்களும், பக்கத்தில் மில்லிமீட்டர் எண்களும் இருக்கும். அதைப் படித்தால் அன்றைய மழை தெரியும். ஆனால் “இந்தப் பருவத்தில் நம்ம ஊருக்குத் திருமயத்தைவிடக் குறைவாகப் பெய்திருக்கிறதா?” என்று யாராவது கேட்டால் அந்தப் பட்டியல் உதவாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாள் எண்களை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். ஊருக்கு ஒரு கோடாக, எல்லாக் கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்தால் ஒரு பார்வையில் விடை தெரிந்துவிடும்.

அந்தப் படத்தை விலை கொடுத்து வாங்கும் மென்பொருளோ இணையமோ இல்லாமல், சாதாரணக் கணினியின் டெர்மினலில் வரைவது எப்படி என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டெர்மினல் என்றால் என்ன? கணினிக்கு எழுத்தாலேயே கட்டளை கொடுத்து, எழுத்தாலேயே பதில் வாங்கும் திரை. பெரும்பாலும் கருப்பாக இருக்கும். அதில் படம் கிடையாது. வரிசையாக நிற்கும் எழுத்துகள் மட்டுமே. வழக்கமான அளவு 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். 1978இல் வந்த விடி100 என்ற முனையக் கருவி பரவலாக்கிய இந்த அளவு இன்றும் தொடர்கிறது.

எக்செல் இருக்கும்போது இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எக்செல் இருந்தால் தாராளமாக அதில் வரையுங்கள். கோட்டுப்படத்தின் கணக்கு எங்கும் ஒன்றுதான். ஆனால் 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய கணினிகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. புது மென்பொருள்களை ஏற்றினால் அவை திணறும். டெர்மினல் அவற்றிலும் ஓடும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்ற செயலியைப் போட்டால் கணினியே இல்லாமலும் வேலை நடக்கும். இன்னொரு வசதி, ஒருமுறை எழுதிய கட்டளையைச் சேமித்து வைத்துக்கொண்டு, தினமும் புது எண்ணை மட்டும் சேர்த்து, அதே படத்தை நொடியில் மறுபடி வரைந்துகொள்ளலாம்.

முதலில் எண்களை எப்படி எழுதி வைப்பது? நாளுக்கு ஒரு வரி. வரியின் தொடக்கத்தில் நாளின் எண்: அக்டோபர் 1 என்றால் 1, டிசம்பர் 31 என்றால் 92. அதன்பின் காற்புள்ளி, அரிமளத்து மழை. காற்புள்ளி, திருமயத்து மழை. காற்புள்ளி, கீழாநிலை மழை. இப்படிக் காற்புள்ளியால் பிரித்த கோப்பை சி.எஸ்.வி. (காற்புள்ளி இட்ட அட்டவணைக் கோப்பு) என்பார்கள். எந்த எழுத்துச் செயலியிலும் தட்டச்சு செய்யலாம். தலைப்பு வரி வேண்டுமென்றால் அதன் முன்னால் # குறி போடுங்கள். கீழே சொல்லப்போகும் மென்பொருள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும்.

தேதியில் ஒரு கவனம் தேவை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. முந்தைய 24 மணி நேரத்தில் மானியில் சேர்ந்த நீரை அப்போது அளந்து, அளந்த தேதியில் எழுதுவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடியதே, அந்த இரவின் மழை 16ஆம் தேதிக் கணக்கில் சேரும். அதே நாள் பகலில், 8.30 மணிக்குப் பிறகு பெய்தது 17ஆம் தேதிக்குப் போகும். வீட்டு மொட்டைமாடியில் நீங்களே மானி வைத்து நள்ளிரவுக் கணக்கில் எழுதி வந்தால், உங்கள் கோடும் அரசுக் கோடும் ஒரு நாள் முன்பின்னாகத்தான் நிற்கும். நீங்களும் காலை 8.30க்கே அளந்துவிடுங்கள்.

எந்த மென்பொருளில் வரைவது? பழையதும் நம்பிக்கையானதும் நியூபிளாட். ஆங்கிலத்தில் அதன் பெயர் ஜி, என், யூ என்று தொடங்கும். தேடும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1986இல் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இருவர் தொடங்கியது, இலவசம். அதைத் திறந்து “செட் டெர்மினல் டம்” என்று ஆங்கில எழுத்தில் அடித்தால், படத்தை எழுத்துகளாலேயே வரையத் தயாராகிவிடும். காற்புள்ளிதான் எண்களைப் பிரிக்கிறது என்பதை “செட் டேட்டாஃபைல் செப்பரேட்டர்” என்ற கட்டளையால் சொல்ல வேண்டும். பிறகு “பிளாட்” கட்டளை: கோப்பின் பெயரை மேற்கோளுக்குள் கொடுத்து, “யூஸிங் 1:2 வித் லைன்ஸ்” என்று சேர்க்க வேண்டும். முதல் பத்தியைக் கிடையாகவும் இரண்டாம் பத்தியை உயரமாகவும் வைத்துக் கோடு போடு என்று பொருள். ஒரு காற்புள்ளி இட்டு அதையே 1:3 என்று மறுபடி எழுதினால் இரண்டாவது கோடு. 1:4 என்றால் மூன்றாவது. பல கோடுகளை ஒரே படத்தில் வரைவதன் மொத்த வித்தையும் இவ்வளவுதான்.

பைத்தான் தெரிந்தவர்களுக்கு பிளாட்டெக்ஸ்ட் என்ற நூலகம் (ஆயத்தக் கட்டளைத் தொகுப்பு) எளிது. ஆஸ்கிசார்ட் என்று ஒன்றும் உண்டு. சின்னது, அழகாக வளைந்து போகும் கோடு போடும். ஆனால் அது ஒரு நாளுக்கு ஒரு எழுத்து இடத்தை எடுத்துக்கொள்ளும், கீழே நாள் எண்களையும் போடாது. 92 நாளை 80 எழுத்துத் திரையில் கொடுத்தால் வரி மடங்கிப் படம் சிதறிவிடும். பருவ மழைக்கு நியூபிளாட்டையே நான் சொல்வேன்.

வரைந்த படம் எப்படி இருக்கும்? ஐந்து நாளுக்கு மட்டும் பார்ப்போம். இவை விளக்கத்துக்காகப் போட்ட எண்கள், உண்மை அளவுகள் அல்ல. முதல் ஊரில் 10, 0, 20, 10, 0 மி.மீ.; இரண்டாவது ஊரில் 0, 10, 10, 0, 10 மி.மீ. ஒவ்வொரு நாளும் அதுவரை பெய்த மொத்தத்தைக் கூட்டினால் முதல் ஊருக்கு 10, 10, 30, 40, 40 என்றும், இரண்டாவதற்கு 0, 10, 20, 20, 30 என்றும் வரும். முதல் ஊருக்கு *, இரண்டாவதற்கு # என்று புள்ளிகளை மட்டும் வைத்தால்:

```
40 |             *   *
30 |         *       #
20 |         #   #
10 | *   #
 0 | #
   +------------------
     1   2   3   4   5
```

இரண்டாம் நாளைப் பாருங்கள். இரண்டு ஊரும் 10இல் நிற்கின்றன. ஆனால் # மட்டுமே தெரிகிறது. ஓர் எழுத்து இடத்தில் ஓர் எழுத்துதான் நிற்க முடியும் என்பதால், பின்னால் வரைந்தது முன்னதை மறைத்துவிட்டது. நட்சத்திரம் காணவில்லையே, அன்று அந்த ஊரில் அளவு எடுக்கவில்லையோ என்று நினைத்துவிடக் கூடாது. உங்களுக்கு முக்கியமான ஊரைக் கட்டளையில் கடைசியாக எழுதுங்கள். அது எப்போதும் மேலே நிற்கும். மூன்று கோட்டுக்கு மேல் போனால் இந்த மறைப்பு கூடிக்கொண்டே போகும். இருபது நிலையங்களையும் ஒரே படத்தில் போட ஆசை வரும். போட்டால் ஒன்றும் தெரியாது.

நாள் மழையை அப்படியே வரையாமல் ஏன் கூட்டிக் கூட்டி வரைய வேண்டும்? தனித்தனி நாள் மழை ஒரு நாள் 60, மறுநாள் 0 என்று குதிக்கும். இரண்டு ஊர்க் கோடுகள் அப்படிக் குதித்தால் திரையில் முள்வேலிபோல ஆகிவிடும். எது எந்த ஊர் என்றே புரியாது. கூட்டுத்தொகைக் கோடு ஏறும் அல்லது கிடையாக நிற்கும், ஒருநாளும் இறங்காது. எந்த ஊர் எப்போது முந்தியது, எத்தனை நாள் வறண்டது என்பதெல்லாம் அதில் பளிச்சென்று தெரியும். கூட்டலைக் கையால் செய்யத் தேவையில்லை. நியூபிளாட்டில் “ஸ்மூத் குமுலேட்டிவ்” என்று சேர்த்தால் அதுவே கூட்டிக்கொள்ளும்.

இனி, பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிற, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்விக்கு வருவோம். உங்கள் படத்தில் ஒரு வரி என்பது எத்தனை மில்லிமீட்டர்?

24 வரித் திரையில் தலைப்புக்கும் அடியில் நாள் எண்களுக்கும் நான்கு வரி போனால், கோட்டுக்குக் கிடைப்பது 20 வரி. செங்குத்து அளவு 0 முதல் 800 மி.மீ. வரை என்றால் ஒரு வரிக்கு 40 மி.மீ. அரிமளத்துக்கும் திருமயத்துக்கும் 30 மி.மீ. வித்தியாசம் இருந்தாலும் இரண்டும் ஒரே வரியில் விழக்கூடும். திரையைப் பார்த்து “ரெண்டு ஊரிலும் ஒரே மழைதான்” என்று சொல்லிவிடுவோம்.

30 மி.மீ. சின்ன வித்தியாசமா? ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் நீர். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அப்படியானால் 30 மி.மீ. மழை ஓர் ஏக்கரில் சுமார் 1,20,000 லிட்டர். மானாவாரிப் பயிருக்கு அது ஒரு நனைப்பு. அதைப் படம் மறைத்துவிட்டது என்றால், படத்தை நம்பி எடுக்கிற முடிவும் தவறிப்போகும்.

இதைச் சரிசெய்ய என்ன வழி? முதலில் திரையைப் பெரிதாக்குங்கள். எழுத்தின் அளவைக் குறைத்துச் சாளரத்தை விரித்துவிட்டு, “செட் டெர்மினல் டம் 110 44” என்று அடித்தால் 110 எழுத்து அகலமும் 44 வரி உயரமும் கிடைக்கும். நாற்பது வரி கோட்டுக்குக் கிடைத்தால் ஒரு வரி 20 மி.மீ. ஆகிறது. அகலம் 110 என்பதால் 92 நாளும் ஆளுக்கொரு இடத்தில் உட்காரும்.

அதுவும் போதாதென்றால் பிரெயில் எழுத்து. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெயில் குறிகளுக்கு யூனிகோடில் (உலக எழுத்துகளுக்கான பொது எண்முறை) 256 இடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் இரண்டு பத்தி, நான்கு வரி என எட்டுப் புள்ளிகளால் ஆனது. ஓர் எழுத்து இடத்துக்குள்ளேயே எட்டுப் புள்ளிகளைத் தனித்தனியாக ஏற்றவோ அணைக்கவோ முடிவதால், 40 மி.மீ. வரி நான்காகப் பிரிந்து 10 மி.மீ. ஆகிவிடும். பிளாட்டெக்ஸ்டில் இந்த வசதி இருக்கிறது. நியூபிளாட் 6ஆம் பதிப்பிலும் வந்துவிட்டது. கோடு வழுவழுவென்று வரும். ஒரு குறை, ஊருக்கு ஒரு குறி என்பது இதில் இயலாது, எல்லாம் புள்ளியே. கோடுகளைப் பிரிக்க நிறத்தை மட்டும்தான் நம்ப வேண்டும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. இரண்டு ஊர்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசத்தையே ஒரு கோடாக வரைந்துவிடுங்கள். அரிமளத்து மொத்தத்திலிருந்து திருமயத்து மொத்தத்தைக் கழித்த எண். கோடு பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் அரிமளத்தில் அதிகம், கீழே இருந்தால் குறைவு. அளவு 0 முதல் 800 வரை போகாமல், இரண்டு பக்கமும் 100க்குள் அடங்கினால் ஒரு வரிக்கு 10 மி.மீ. வந்துவிடுகிறது, பிரெயிலும் தேவையில்லை.

அளவு எடுக்காத நாளுக்கு என்ன எழுதுவது? பூஜ்யம் எழுதவே கூடாது. பூஜ்யம் என்றால் “பார்த்தோம், மழை இல்லை” என்று பொருள். பார்க்காத நாளுக்கு “என்ஏஎன்” (எண் இல்லை என்பதற்கான குறி) என்று ஆங்கில எழுத்தில் எழுதினால், நாள் மழைப் படத்தில் அந்த இடத்தில் கோடு அறுந்து தெரியும். வெற்றாக விட்டால் சில மென்பொருள்கள் முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை இணைத்து, இல்லாத மழையைக் காட்டிவிடும்.

கூட்டுத்தொகைக் கோட்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. நவம்பரில் ஒரு கனமழை நாளின் அளவு விட்டுப்போனால், அந்த ஊரின் கோடு அன்று முதல் டிசம்பர் 31 வரை அந்த அளவுக்குக் கீழாகவே ஓடும். இங்கே கனமழை என்பது வானிலைத் துறைக் கணக்கில் ஒரே நாளில் 64.5 மி.மீ. அல்லது அதற்கு மேல். அவ்வளவு பெரிய பள்ளம் விழுந்தும் படத்தில் அறுந்த இடம் எதுவும் தெரியாது. ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: சாதாரண மழைமானியில் நீரைக் கொட்டும்வரை அது உள்ளேயேதான் இருக்கும். ஒரு நாள் அளக்காமல் மறுநாள் அளந்திருந்தால் இரண்டு நாள் மழையும் சேர்ந்தே வந்திருக்கும்; மொத்தம் சரியாக இருக்கும். அப்படி இல்லையென்றால், படத்தின் அடியில் “இந்த ஊரில் இத்தனை நாள் அளவு இல்லை” என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

கிணற்று நீர்மட்டத்தையும் மழையோடு சேர்த்து வரையலாமா? வரையலாம், வரையவும் வேண்டும். அரிமளம் பக்கத்துத் தைலமரக் காடுகளால் கண்மாய்க்கு நீர்வரத்து குறைகிறது என்பது இந்தப் பகுதி விவசாயிகளின் நெடுநாள் புகார். மழைக் கோடு ஏறியும் கண்மாய்க் கோடோ கிணற்றுக் கோடோ ஏறவில்லை என்று ஐந்தாறு ஆண்டுகளுக்குக் காட்ட முடிந்தால், அதிகாரிகளிடம் பேசும்போது அந்தப் புகாருக்குக் கனம் கூடும். காரணம் தைலமரமா, வரத்துக்கால் அடைப்பா, ஆழ்துளைக் கிணறுகளா என்பதைப் படம் சொல்லாது. எந்த ஆண்டில் எவ்வளவு என்பதைச் சொல்லும்.

ஆனால் மழை மில்லிமீட்டரில், கிணறு மீட்டரில். ஒரே அளவுகோலில் போட்டால் 8 மீட்டர் என்பது 8 மி.மீ.க்குச் சமமாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வலது பக்கம் இரண்டாவது அளவுகோல் வைக்க நியூபிளாட்டில் வழி இருக்கிறது. அது வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு அளவுகோல்களையும் எப்படி வேண்டுமானாலும் நீட்டிச் சுருக்கலாம் என்பதால், இல்லாத உறவை இருப்பதாகக் காட்டிவிடுவது எளிது. குறுகிய திரையில் படிப்பதும் கஷ்டம். மேலே மழை, கீழே கிணறு என இரண்டு தனிப் படங்களாக, ஒரே நாள் அளவில் வரைந்துகொள்ளுங்கள்.

கிணற்றுக் கணக்கு தரையிலிருந்து கீழ்நோக்கி எடுப்பது. நீர் ஏறினால் எண் குறையும். அப்படியே வரைந்தால் நல்ல மழைக்குப் பிறகு கோடு இறங்குவதாகத் தெரியும். எண்ணுக்கு முன் கழித்தல் குறி போட்டு எழுதுங்கள். 8 மீட்டர் ஆழம் என்றால் -8. நீர் ஏறும்போது கோடும் ஏறும். இன்னொன்று, மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கண்காணிப்புக் கிணறுகளைப் பொதுவாக ஆண்டுக்கு நான்கு முறைதான் அளக்கிறது. நான்கு புள்ளிகளை இணைக்கும் கோட்டில் இடைப்பட்ட மாதங்கள் வெறும் ஊகம். அங்கே கோட்டை விட்டுவிட்டு “வித் பாயின்ட்ஸ்” என்று புள்ளிகளாக வைப்பதே நேர்மை.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் போடலாமா? படத்துக்குள் போட்டால் வரிசை குலையும். “திருமயம்” கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு அது எட்டுக் குறி, ஏனென்றால் இகரக் கொக்கி, உகரச் சுழி, புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. எந்தக் குறிக்கு இடம் ஒதுக்குவது என்பதில் ஒவ்வொரு டெர்மினலும் ஒவ்வொரு கணக்கு வைத்திருப்பதால், அந்த வரியில் வலப்பக்கம் உள்ளதெல்லாம் நகர்ந்துவிடும். படத்துக்குள் 1, 2, 3 என்று எண் கொடுத்து, படம் முடிந்தபின் தனி வரியில் “1 அரிமளம், 2 திருமயம்” என்று எழுதுங்கள். தமிழும் இருக்கும், படமும் குலையாது.

நிறம் வைக்கலாமா? திரையில் பார்க்க மட்டும் என்றால் வையுங்கள். கோப்பில் சேமித்தால் நிறம் போய்விடும், அல்லது நிறத்துக்கான குறிகள் சதுர அடைப்புக்குறியும் எண்ணுமாகப் படம் முழுக்கச் சிதறும். ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தால் எல்லாம் கறுப்பு. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஊராட்சிக் கூட்டத்துக்கோ வேளாண் அலுவலகத்துக்கோ எடுத்துப்போகும் படம் என்றால் *, # போன்ற வெவ்வேறு குறிகளே நம்பகமானவை. வாட்ஸ்அப்பில் எழுத்தாக ஒட்டினால் எழுத்துகளின் அகலம் மாறிப் படம் கோணலாகும். திரையைப் படம்பிடித்தே அனுப்புங்கள்.

வரும் அக்டோபர் 1ஆம் தேதி காலை 8.30 மணிக்குத் தொடங்குங்கள். அரிமளத்தோடு இன்னும் இரண்டு நிலையங்கள் போதும். கோப்பின் முதல் வரியில் நிலையங்களின் பெயர்களையும், எண்களை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும், படத்தின் அடியில் ஒரு வரி எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அதைத் திறந்தாலும், உங்களைக் கேட்காமலே தொடர முடியும்.